ரத்தத்துக்குள் கொழுந்துக்காரிகள்

என் மூத்த மகள் பிறந்த இரண்டாவது வாரத்தில் மஞ்சளானாள். முதலில் அதை யாரும் கவனிக்கவில்லை. காரணம், அவளை நாங்கள் மஞ்சள் பூசித்தான் குளிப்பாட்டினோம். மஞ்சள் பூசிய பிள்ளை மஞ்சளாக இருந்தால் அதில் என்ன அதிசயம்? கண்ணின் வெள்ளை நிறம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கண்ணுக்கு நாங்கள் மஞ்சள் பூசுவதில்லை.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். நான் கொழுந்து எடுப்பவள். என் வீட்டுக்காரர் கவ்வாத்துக்காரர். உயர்ந்துபோன தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டமாக வெட்டி, மறுபடி துளிர்க்க விடுவது அவர் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை இவள். அத்தனை வருஷமும் லயத்து வரிசை வீடுகளில் யார் யார் என்னிடம் என்னென்ன கேட்டார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில் குடியிருந்தார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. எங்கள் வீட்டு விஷயங்களில் அவருக்கு வேலை நிறைய இருந்தது. அவரிடம்தான் முதலில் காட்டினேன்.

"மதினி, பிள்ள கண்ணக் கொஞ்சம் பாருங்க."

"கண்ணுக்கு என்னா? ஒன் கண்ணு மாதிரியே இருக்கு."

"என் கண்ணு மஞ்சளாவா இருக்கு?"

"வெளிச்சத்துல வந்து நில்லு, பாத்துச் சொல்றேன்."

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் பிள்ளையை மேசையில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, "மஞ்சள் பூசுறத மொதல்ல நிறுத்து. காலை வெயில்ல காட்டு" என்றார். மஞ்சளை அன்றே நிறுத்திவிட்டேன். வெயிலுக்குத்தான் வழியில்லை. ஆடி மாதம். எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் மலை எது, மேகம் எது என்று தெரியாது. துணி காயப்போடவே அடுப்புக்கு மேலே கயிறு கட்டியிருந்தோம். வெயில் என்பது டிஸ்பென்சரியில் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிற சாமானாக இருந்திருந்தால் வரிசையில் நின்று வாங்கியிருப்பேன்.

மதினி வேறு வழி பார்த்தார். பக்கத்து டிவிஷனில் ஒருவர் காமாலைக்கு மாலை கட்டுவார். ஏதோ ஒரு செடியின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் முடிந்து, நோயாளியின் தலையில் வளையமாக வைப்பார். நாளாக ஆக அந்த மாலை நீண்டு கழுத்துக்கு வரும், பிறகு இடுப்புக்கு வரும், பிறகு காலுக்கு வரும். அதோடு காமாலையும் இறங்கிப் போய்விடும். தண்டு காய்ந்து சுருங்குவதால் முடிச்சு நெகிழ்கிறது, மாலை நீளுகிறது, வேறொன்றுமில்லை என்று டாக்டரய்யா சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம். மாலையையும் கட்டினோம். மாலை சொன்னபடி இறங்கியது. காலையும் தாண்டித் தொட்டிலில் விழுந்தது. காமாலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"பிள்ள சின்னதுல்ல. மாலைக்கு எடம் பத்தல" என்றார் மதினி.

இரண்டு மாதம் ஆகப்போகும்போது பிள்ளையின் வயிறு சற்று உப்பலாகத் தெரிந்தது. மூத்திரம் பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் போனது. வெளிக்கிருந்தால் துணியில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக இருந்தது. இதை டாக்டரய்யாவிடம் சொன்னபோதுதான் அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கே சீட்டு எழுதிக் கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

பெரியாஸ்பத்திரி மலைக்குக் கீழே, நகரத்தில் இருந்தது. ஹட்டன் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில், நாங்கள் கோச்சி என்போம். நானும் மதினியும் போனோம். என் வீட்டுக்காரர் வரவில்லை. கவ்வாத்துக் காலத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையாவிடம் லீவு கேட்பதும் மலையிடம் லீவு கேட்பதும் ஒன்றுதான்.

அங்கே பிள்ளைகளைப் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர். யாழ்ப்பாணத்துப் பக்கம். அவர் பேசியதும் தமிழ்தான், நாங்கள் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் முதல் நாள் இரண்டு பக்கமும் கொஞ்சம் நிதானமாகவே பேசினோம். அவர் பிள்ளையின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். ஈரலில் ஊறுகிற பித்தம் ஒரு சின்னக் குழாய் வழியாகக் குடலுக்கு வரவேண்டும். வெளிக்கிருப்பதற்கு மஞ்சள் நிறம் அதனால்தான் வருகிறது. வெள்ளையாகப் போகிறது என்றால் ஒன்று, பிறக்கும்போதே அந்தக் குழாய் அடைபட்டிருக்க வேண்டும். அப்படியானால் வயிற்றைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும், தாமதித்தால் ஈரல் இறுகிவிடும். இல்லாவிட்டால் குழாய் நன்றாக இருந்து ஈரல் மட்டும் வீங்கியிருக்க வேண்டும். அப்படியானால் வயிற்றைத் திறக்கக் கூடாது. வீங்கிய ஈரலோடு மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்தால் பிள்ளை தாங்காது.

"ரெண்டில எது, டாக்டர்?"

"அதுதான் அம்மா எனக்கும் தெரிய வேணும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன உத்தியோகத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை.

வார்டில் கட்டில் காலியில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார். "அதுவரைக்கும் பிள்ளை வெளிக்குப் போற துணியள் எல்லாத்தையும் எடுத்து வைச்சு, வரேக்கை கொண்டு வாங்கோ. ஒண்டையும் விடாதேங்கோ" என்றார்.

எல்லாத் துணியையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டு போனேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து நாங்கள் டவுனுக்குப் போனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்காருவார். கடைக்காரர் துணியைத் தொட விடமாட்டார். "தோட்டத்தாளுங்க பின்னால போங்க" என்று கண்டக்டர் கத்துவான். அதனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு. டவுனுக்குப் போனால் உடுத்திய சேலையிலிருந்து மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி வரைக்கும் ஒரு புள்ளி அழுக்கு இருக்கக் கூடாது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு இந்தச் சட்டம் உண்டு. இப்படியிருக்க, பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்க்கப்போகிற துணிகளை நான் எப்படிக் கொண்டு போவேன்? லயத்துக்கு மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் அடித்துத் துவைத்தேன். சோடா போட்டு அவித்தேன். நீலம் போட்டு அலசினேன். அடுப்புக்கு மேலே காயவைத்தால் புகை பிடிக்கும் என்று தோட்டத்து ஆபீஸ் தாழ்வாரத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இடம் பிடித்துக் காயவைத்தேன். சதுரமாக மடித்து, வெளுத்த மாவுப் பையில் போட்டுக் கட்டினேன்.

வியாழக்கிழமை டாக்டர் பையை அவிழ்த்தார். முதல் துணியை எடுத்து விரித்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டாவதை விரித்தார். மூன்றாவதை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"தோய்ச்சுப்போட்டியளோ, அம்மா?"

"ஆமாங்க. ரெண்டு தண்ணி."

"நான் பாக்க வேண்டியது இதிலை இருந்தது."

"அழுக்கத்தான் பாக்கணும்னு நீங்க சொல்லலியேங்க."

அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார். "ஓம். சொல்லேல்லை" என்றார். ஆகவே அந்த விஷயம் அங்கே முடிந்தது. இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால், துணி எப்படி இருந்தது என்று போய் அந்த நர்ஸைக் கேளுங்கள் என்பேன். பால் மாதிரி இருந்தது.

டாக்டர் அடுத்து வாயால் கேட்டார். இத்தனை நாளும் என்ன நிறத்தில் போனது?

"வெள்ளதாங்க. சுண்ணாம்பு மாதிரி" என்றேன்.

"அப்படிச் சொல்லாத. செவ்வாக்கெழம சாயந்தரம் லேசா மஞ்சளா இருந்துச்சு" என்றார் மதினி.

"அது விளக்கு வெளிச்சம் மதினி."

"வெளக்கு வெளிச்சத்துல அன்னைக்கு ஒன் சேல மஞ்சளாத் தெரியல?"

"என் சேலயே மஞ்சள்தானே!"

டாக்டர் கையைத் தூக்கி இரண்டு பேரையும் நிறுத்தினார். மதினிக்குப் பிள்ளையின் வயிற்றைத் திறப்பதில் இஷ்டமில்லை. அதனால் அவர் கண்ணுக்கு மஞ்சள் தெரிந்தது. எனக்கு உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். ஆனால் டாக்டருக்கு எங்களில் யாரையும் தெரியாதே. "இனி ரத்தத்திட்டைத்தான் கேக்க வேணும்" என்றார். கட்டில் ஒன்று காலியாகியிருந்தது. என்னையும் பிள்ளையையும் வார்டில் சேர்த்துக்கொண்டு மதினியைத் திருப்பி அனுப்பினார்கள்.

ரத்தத்தைக் கழுத்தில் எடுத்தார்கள். பச்சைப் பிள்ளைக்குக் கையில் நரம்பு கிடைக்காதாம். பிள்ளையைத் துண்டில் இறுக்கிச் சுற்றி, தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு எடுத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போகவில்லை. பிள்ளைக்குக் கத்தத் தெம்பில்லை, முனகத்தான் முடிந்தது. எடுத்த ரத்தத்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் போட்டுக் கோச்சியில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அந்தப் பரிசோதனை அப்போது அங்கேதான் புதிதாகச் செய்யத் தொடங்கியிருந்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். பிள்ளையின் கழுத்தில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"இவ ஒடம்புல மொத்தமே ஒரு சிரட்டை ரத்தம் இருக்குமா? அதுலயும் எடுத்தாச்சா? எதுக்கு?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அது போதவில்லை. டாக்டர் அந்தப் பக்கம் வந்தபோது இவரே கேட்டார். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்ன விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பால், பருப்பு, முட்டை எல்லாவற்றிலும் உடம்பை வளர்க்கிற சத்து மணி கோத்த மாதிரி நீளமாக இருக்கிறது. அதை அப்படியே உடம்பு எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொரு மணியாகக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கென்று உடம்புக்குள் ஒரு சாமான் உண்டு. அது ஈரலில், முக்கியமாகப் பித்தம் போகிற குழாய்களின் ஓரமாக இருக்கும். ரத்தத்தில் கொஞ்சம்தான் இருக்கும். பித்தக் குழாய் அடைபட்டால் அந்தச் சாமான் பெருகி, போக வழியில்லாமல் ரத்தத்துக்குள் வந்துவிடும். ஈரல் வெறுமனே வீங்கியிருந்தால் அவ்வளவு வராது. ரத்தத்தில் அது எவ்வளவு நிற்கிறது என்று கணக்கெடுக்கத்தான் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "வெளங்குதுங்க. கவ்வாத்துக்காரன் கத்தியோட மலையில நிக்கணும். ரோட்டுல நின்னா எங்கயோ கோளாறு."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர்" என்றேன் நான். "அந்த மணிய எங்க கழட்டுது? நடுவுலயா, நுனியிலயா?"

"நுனியிலை. ஒரு முனையிலை இருந்து ஒவ்வொண்டாத்தான் கழட்டும். நடுவிலை வெட்டாது. நடுவிலை வெட்டுறதுக்கு வேறை சாமான் இருக்கு."

"அப்படின்னா அது கவ்வாத்து இல்லீங்க. கொழுந்து எடுக்கறது. நுனியில கிள்ளுறது நாங்க. இவுங்க நடுவுல வெட்டுறவங்க."

"கிள்ளுறதுக்கு எதுக்குடி கத்தி?" என்றார் இவர்.

"டாக்டர் எங்க கத்தின்னு சொன்னாரு? நீங்கதான கொண்டாந்தீங்க கத்திய!"

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், நுனியிலிருந்து எடுப்பதால் கொழுந்து எடுப்பதுதான் கிட்டத்தட்டச் சரி என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கொழுந்துக்காரிகள் மலையில் இருக்க வேண்டியவர்கள். கூடையோடு எல்லாரும் ரோட்டில் வந்து நின்றால் ஸ்டோருக்குப் போகிற பாதை அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை அரைக்கிற பாக்டரியை. என் பிள்ளையின் ரத்தத்தில் எத்தனை கொழுந்துக்காரிகள் நிற்கிறார்கள் என்று கொழும்பில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

எண்ணி முடிப்பதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். வயிற்றைத் திறக்கிறவர் அவர்தான். நல்ல உயரம், கண்ணாடி, பேச்சு குறைவு. பிள்ளையைப் பார்த்தார், வயசைக் கேட்டார், வெள்ளிக்கிழமை காலையில் திறக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். இளைய டாக்டர் அவர் பின்னாலேயே போய் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பெரியவர் திரும்பி, சிங்களத்தில், நர்ஸுக்கும் விளங்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். கொழும்புக்காரர்கள் பதில் சொல்வதற்குள் இந்தப் பிள்ளைக்கு ஈரல் கல்லாகிவிடும் என்றார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அது அவருக்குத் தெரியாது.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குழாய் அடைபட்டிருந்து நான் தாமதித்தால் பிள்ளை போய்விடும். அடைபடாமல் இருந்து நான் அவசரப்பட்டாலும் பிள்ளை போய்விடும். பெரிய டாக்டர் ஒரு பக்கம், சின்ன டாக்டர் ஒரு பக்கம். இரண்டு பேரும் படித்தவர்கள். அவர்களுக்கே தெரியாததை நான் எங்கே போய்த் தெரிந்துகொள்வது?

மறுநாள் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ், வயிற்றைத் திறக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுகிற பாரம் ஒன்றைக் கொண்டு வந்தார்.

"கையெழுத்தா, பெருவெரலா?"

"கையெழுத்து."

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் போனேன். என் பெயரை முழுசாக எழுதுவேன். நர்ஸ் பேனாவை நீட்டினார்.

"அப்ப இதுல போடுங்க."

"போட மாட்டேன்."

"ஏன், தெரியும்னீங்களே?"

"தெரியும். கொழும்புல எண்ணி முடிக்கட்டும். அப்புறம் போடுறேன். என் கை எங்கயும் போயிராது."

நர்ஸ் பெரிய டாக்டரிடம் சொல்லப் போனார். பெரிய டாக்டர் வரவில்லை. இளைய டாக்டர்தான் வந்தார். "நாளைக்குள்ளை வராட்டில் நானும் உங்களைப் போடச் சொல்லித்தான் சொல்லுவன். சரியோ?" என்றார். "சரிங்க" என்றேன். பிள்ளை முலையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பெண் தன் மகனுக்கு வைத்திருந்த தோடம்பழத்தில் பாதியை உரித்து எனக்குக் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தின்றேன். அன்றைக்கு நான் தின்றது அது மட்டும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து டெலிபோன் வந்தது. இளைய டாக்டர் வார்டுக்குள் வேகமாக வந்தார். ஓடவில்லை. டாக்டர்கள் ஓடினால் வார்டு முழுக்க எழுந்து நிற்கும்.

"கூடத்தான் இருக்கு. ஆனா அடைப்பெண்டால் இதைவிடக் கனக்க இருக்க வேணும்."

"ரோட்டுல கொஞ்சப் பேர்தான் நிக்கறாங்க."

"ஓம். கொஞ்சப் பேர்தான்."

"அப்ப பாதை தெறந்திருக்கா?"

"திறந்திருக்கெண்டுதான் நினைக்கிறன். சத்தியம் பண்ண ஏலாது, அம்மா."

சத்தியம் பண்ணியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பெரிய டாக்டர் அந்தக் கணக்கைக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வாரம் பார்ப்போம், நிறம் வராவிட்டால் திறந்துவிடுவேன் என்றார். அந்தப் பாரம் என் கையெழுத்து இல்லாமலே திரும்பிப் போனது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். துணி எதையும் கொண்டுவர வேண்டாம், நிறம் மாறினால் தோட்டத்து டாக்டரய்யா பார்த்து எழுதி அனுப்பினால் போதும் என்று, அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போன நர்ஸ் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

தோட்டத்துக்கு வந்த மறுவாரமே என்னைக் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போனேன். பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தேன். லயத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். காலையில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் யாரும் சுகம் விசாரிக்க மாட்டார்கள். "என்னா நெறம்?" என்றுதான் கேட்பார்கள். "வெள்ளதான்" என்பேன். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதல் வாரம் முழுக்க அப்படித்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, மலைக்குக் கீழே இருந்து ஆயாவின் சத்தம் கேட்டது. அந்தம்மாள் பாரமான உடம்புக்காரி. ஏறி வரமுடியாமல் ரோட்டில் நின்றுகொண்டு துணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆட்டினார்.

"மஞ்சளாப் போயிருக்குடீ! மஞ்சளாப் போயிருக்கு!"

நான் கூடையோடு இறங்கினேன். என் பின்னால் நிரையில் நின்ற அத்தனை பேரும் இறங்கினார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கம்பளியும் கூடையுமாக, ஒரு மலைக் கொழுந்துக்காரிகள் மொத்தமும் ரோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். ஆளாளுக்குத் துணியை வாங்கிப் பார்த்தார்கள்.

"ஆமாடி, மஞ்சள்தான்."

"பச்சையும் இருக்கு பாரு ஓரத்துல."

"பச்ச இருந்தா நல்லதா, கெட்டதா?"

"குடு இங்க. நீ மோந்தா பாக்கப்போற?"

கங்காணி மேலே நின்று கத்தினார். யாரும் அசையவில்லை. கணக்கப்பிள்ளை சைக்கிளில் வந்து இறங்கி, "என்னா கூட்டம் இது? யாருக்கு என்னா ஆச்சு?" என்றார். ஆயா அவரிடமும் துணியை நீட்டினார். அவர் ஒரு அடி பின்னால் போனார். பிறகு எட்டிப் பார்த்தார். "சரி, எல்லாரும் பாத்தாச்சில்ல? ஏறுங்க" என்றார். ஏறினோம். அன்றைக்கு நான் எவ்வளவு கொழுந்து எடுத்தேன், எப்படி எடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கூடை நிறைந்திருந்தது. யாரோ போட்டிருக்கிறார்கள்.

மதினி அன்று மாலையே கோயிலுக்குத் தேங்காய் கொண்டு போனார். மாலை கட்டியவருக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார். "மாலை எறங்கினா காமால எறங்கும்னு நான் அன்னைக்கே சொல்லல? கொஞ்சம் லேட்டாயிருச்சு, அவ்வளவுதான்." செவ்வாய்க்கிழமை மஞ்சளைப் பார்த்தவர் அவர். இன்று எல்லாருக்கும் தெரிகிற மஞ்சளை அவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையின் கண் வெளுத்தது. வயிறு வடிந்தது. கை கால் பிடித்தது. தை மாதம் பெரியாஸ்பத்திரிக்கு மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் போனோம். இளைய டாக்டர் பிள்ளையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக இருக்கிறாள் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டார்.

"எதுக்குங்க? நல்லாருக்கான்னு சொன்னீங்களே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளைக்காக இல்லை. அது குறைஞ்சிட்டுதோ எண்டு பாக்கத்தான். இனி வாற பிள்ளையளுக்கு உதவும். நீங்கள் வேண்டாம் எண்டால் வேண்டாம்."

"வேண்டாங்க."

டாக்டர் சரி என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை என்னிடம் கொடுத்தார். வற்புறுத்தவில்லை. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். இனி வருகிற பிள்ளைகள் என்று அவர் சொன்னதை யோசித்தேன். இவளுக்கு முன்னால் ஏதோ ஒரு பிள்ளையின் கழுத்தில் குத்தி எடுத்துத்தானே, எவ்வளவு இருந்தால் அடைப்பு, எவ்வளவு இருந்தால் வீக்கம் என்று தெரிந்திருக்கிறார்கள்? அந்தப் பிள்ளையின் தாய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் என் பிள்ளையை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள்.

"எடுங்க" என்றேன்.

"இந்தா, நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்ல?"

"நீங்க சொன்னீங்க. நான் எடுக்கச் சொல்றேன்."

இவர் வெளியே போய் விறாந்தையில் நின்றுகொண்டார். பிள்ளையைத் துண்டில் சுற்றினார்கள். இந்த முறை நர்ஸ் ஒருத்தியால் முடியவில்லை. இன்னொருத்தி வந்து காலைப் பிடித்தாள். ஊசி பட்டதும் என் மகள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். முகம் சிவந்து, காலை உதைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் கத்தினாள். விறாந்தையில் நின்ற இவர் உள்ளே ஓடிவந்துவிட்டார்.

நர்ஸ் காதைப் பொத்திக்கொண்டு, "அமர்த்துங்க அம்மா, மத்த பிள்ளைங்க எந்திரிச்சுரும்" என்றாள்.

"கத்தட்டும் விடுங்க" என்றேன். நாற்காலி ஒன்று இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.